பாம்பை வரைந்தவர் யார்?

சித்திரக்கவி மரபில் பெயரில்லாமற் போனவர்கள் பற்றி ஒரு குறிப்பு

சென்ற வருடம் ஒரு மழைநாளில் ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளிடம், ‘லை’ என்ற எழுத்தில் முடிகிற சொற்களைச் சொல்லுங்கள் என்றேன். பாடப்புத்தகத்தில் இல்லாத வேலைதான். ஆனால் ஹட்டன் பக்கத்து மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் எங்கள் வகுப்பறையில் வேறு பாடம் நடத்த முடியாது. பிள்ளைகள் கத்திச் சொல்ல, நான் கரும்பலகையில் எழுதினேன். மலை என்றார்கள். தேயிலை என்றார்கள். காலை, மாலை, வேலை, சேலை, ஓலை, விலை, கவலை என்று பலகை நிறைந்துவிட்டது. கடைசி வாங்கிலிருந்து ஒருவன் ‘விடுதலை’ என்றான். அவன் பாடசாலை விடுகிற மணியைச் சொன்னானா, வேறு எதையும் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

ஒரு பிள்ளை அந்தச் சொற்களிலிருந்து எட்டைத் தெரிந்து வரிசைப்படுத்தினாள். காலையில் தொடங்கி விடுதலையில் முடிகிற வரிசை. எல்லாச் சொல்லுக்கும் பொதுவான ‘லை’யை நடுவில் ஒரே ஒருமுறை எழுதி, மற்ற எழுத்துக்களைச் சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி எழுதலாம் என்று நான் சொன்னேன். விடுதலை என்று சொன்ன அதே பையன் எழுந்து வந்து, “சேர், சக்கரம் வேணாம். கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடி வரைவோம். எல்லா வாதும் ஒரே அடிக்குத்தானே வந்து சேருது” என்றான். அப்பியாசக் கொப்பியில் இரண்டு வரிக்கு மேல் எழுதாத பையன் அவன். அரைமணி நேரத்தில் வரைந்து முடித்தான். கிளைநுனியில் தொடங்கும் ஒவ்வொரு சொல்லும் கீழிறங்கி அடிமரத்தில் இருக்கும் ‘லை’யில் முடிந்தது. நீளமான கிளையில் விடுதலை இருந்தது. அதற்குத்தான் எழுத்து அதிகம் என்றான்.

அதை ஒரு போட்டிக்கு அனுப்ப விரும்பினேன். கவிதைப் பிரிவுக்கு ஒரு பெயர்தான் எழுதலாம், படம் வேண்டாம், சொற்களை மட்டும் வரிசையாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது. தட்டச்சு செய்து பார்த்தேன். கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் துண்டு மாதிரி இருந்தது. அனுப்பாமல் விட்டுவிட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சொல்லும் வடிவமும் சேர்ந்து நிற்கும் ஆக்கத்தில் புலவர் யார்? எழுதியவர் மட்டுந்தானா? நமது இலக்கிய வரலாறு இந்தக் கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டது என்று பார்க்க முயன்றதன் விளைவே இக்கட்டுரை.

பந்தம் என்றால் என்ன?

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவியை நான்காக வகுப்பது நமது மரபு. இவற்றுள் சித்திரக்கவிக்கு இலக்கணம் சொல்லும் நூல்களில் முதன்மையானது பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம். அதன் சொல்லணியியல், கோமூத்திரி, கூடசதுக்கம், மாலைமாற்று, எழுத்து வருத்தனம், நாகபந்தம், வினாவுத்தரம், காதைகரப்பு, கரந்துறைச்செய்யுள், சக்கரம், சுழிகுளம், சருப்பதோபத்திரம், அக்கரச் சுதகம் என்று பன்னிரண்டு வகையைச் சொல்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் மாறனலங்காரம் இந்தப் பட்டியலை மேலும் நீட்டியது. நூல்கள் இலக்கணம் வகுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஏழாம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் மாலைமாற்றும் திருவெழுகூற்றிருக்கையும் பாடியிருக்கிறார். ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏறி இறங்கும் திருவெழுகூற்றிருக்கையைத் தேர் வடிவில் அடுக்கி எழுதும் வழக்கமும் உண்டு.

இவற்றில் சில காதுக்கு உரியவை. மாலைமாற்றைப் படம் இல்லாமலே அனுபவிக்கலாம். ‘விகடகவி’ என்ற சொல்லைத் திருப்பிப் படித்து மகிழாத தமிழ்ப் பிள்ளை இல்லை. ஆனால் பந்தம் என்று பெயர் பெற்றவை அப்படியல்ல. பந்தம் என்றால் கட்டு. எழுத்துக்கள் ஓர் உருவத்தின்மேல் கட்டப்படுகின்றன. நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் இரண்டு பாம்புகளின் உடல்மேல் இரண்டு வெண்பாக்கள் ஓடும். பாம்பும் பாம்பும் குறுக்கிடும் இடத்தில் இரண்டு பாட்டுக்கும் ஒரே எழுத்துத்தான் நிற்கவேண்டும். எந்த எழுத்து எங்கே பொதுவாகிறது என்பதைப் பாம்பின் வளைவுதான் தீர்மானிக்கிறது. வளைவு ஒன்றை மாற்றி வரைந்தால் பாட்டு உடைந்துவிடும்.

கோமூத்திரி இதைவிட எளியது. நடந்துகொண்டே நீர் விடும் பசுவின் தடம் மண்ணில் வளைந்து வளைந்து விழுமல்லவா? அந்தத் தடமே இதன் வடிவம். இரண்டடிகளை மேலும் கீழுமாக எழுதவேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் எழுத்துக்கள் இரண்டடியிலும் ஒன்றாக இருக்கவேண்டும். அப்போது மேலடியின் முதலெழுத்து, கீழடியின் இரண்டாம் எழுத்து, மீண்டும் மேலடியின் மூன்றாம் எழுத்து என்று வளைத்துப் படித்தாலும் மேலடியே கிடைக்கும். எங்கள் வகுப்புச் சொற்களை வைத்தே சிறியதொரு மாதிரி காட்டலாம்:

கா – லை – வே – லை
மா – லை – சா – லை

மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக வளைத்துப் படித்துப் பாருங்கள். காலை வேலை என்றே வரும். கீழிருந்து தொடங்கினால் மாலை சாலை என்றே வரும். இது பாட்டல்ல, கணக்கு விளங்குவதற்கான மாதிரி மட்டுமே. முப்பது எழுத்துக்கு மேல் இந்தக் கணக்குத் தவறாமல், பொருளும் யாப்பும் கெடாமல் பாடுவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

தமிழெழுத்தின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கிறது. உயிர்மெய் ஒவ்வொன்றும் ஓர் அசைவொலியை முழுமையாகக் கொண்டு ஒரு கட்டத்தில் ஓரெழுத்தாக உட்கார்ந்துவிடும். மூன்றெழுத்துச் சேர்ந்து ஓரொலியைத் தரும் மொழிகளில் இவ்வளவு இறுக்கமான கட்டங்களை அமைப்பது இலகுவல்ல.

நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றைத்தான். பந்தக் கவியில் படம் அலங்காரமல்ல. கதைக்குப் படம் போடுவதுபோல, எழுதி முடித்தபின் பக்கத்தில் சேர்ப்பதல்ல. எங்கிருந்து தொடங்குவது, எங்கே திரும்புவது, எந்த எழுத்தை இருமுறை படிப்பது என்பதைக் காட்டும் வழியே படம். வழியை அழித்துவிட்டால் ஊர் இருந்தும் போய்ச் சேரமுடியாது.

அப்படியானால் அந்த வழியை வரைந்தவர் யார்? புலவரே ஓலையில் கீறியிருக்கலாம். ஆனால் ஓலை நிலையானதல்ல. மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டே நூல்கள் நிலைத்தன. படியெடுத்தவர் ஒவ்வொருவரும், இரண்டு விரல் அகலமே உள்ள ஓலையில், எழுத்தாணியால், பாம்பையோ சக்கரத்தையோ திரும்பக் கீறவேண்டியிருந்தது. கீறியதை அழிக்கமுடியாது. அழுத்தினால் ஓலை கிழியும். சாதாரணப் பாட்டைப் படியெடுப்பவர் ஓரெழுத்தைப் பிழையாக எழுதினால் ஒரு சொல்தான் கெடும். நாகபந்தத்தின் சந்தியில் ஓரெழுத்துப் பிழைத்தால் இரண்டு பாட்டுமே கெடும். ஆகவே அவர் வெறும் படியெடுப்பவராக இருந்திருக்க முடியாது. பாட்டின் கணக்கும் கைத்திறமும் இரண்டும் தெரிந்தவராகவே இருந்திருப்பார். அவர் பெயர் நம்மிடம் இல்லை.

தெல்தோட்டைப் புலவர்

இந்த மரபில் நமக்கு மிக நெருக்கமானவர் ஒருவர் இருக்கிறார். அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர். 1866இல் பிறந்து 1918இல் மறைந்தவர். கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டையைச் சேர்ந்த போப்பிட்டி அவரது ஊர். கண்டிக் கலம்பகம், சலவாத்துப் பதிகம் முதலிய பல நூல்களைப் பாடியவர். அந்த நூல் வரிசையில் ‘சித்திரக்கவிப் புஞ்சம்’ என்ற பெயரும் இருக்கிறது. புஞ்சம் என்றால் குவியல், தொகுதி. ஒன்றிரண்டு பாட்டல்ல, சித்திரக்கவிக்கென்றே ஒரு தொகுதி.

அவர் பிறந்த காலத்தையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1866இல் இந்த மலைகளில் காப்பிதான் இருந்தது. அடுத்த ஆண்டு, 1867இல், தெல்தோட்டையிலிருந்து அதிக தூரமில்லாத லூல்கந்துரைத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காப்பியில் இலைநோய் கண்டது. சில ஆண்டுகளில் காப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலை பரவியது. 1882இல் சித்திலெவ்வை அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியபோது புலவருக்குப் பதினாறு வயது. காப்பிக் காலத்தில் பிறந்து, தேயிலைக் காலத்தில் வளர்ந்து, பத்திரிகையும் அச்சும் பரவிய நாட்களில் பாடியவர் அவர்.

மலையகத்துத் தமிழ் இலக்கியம் என்றால் நாட்டார் பாடலும், அதற்குப் பின் தோட்டத்து மக்களின் துயரம் பேசிய கவிதையும் கதையும்தான் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். அவை பெருமைக்குரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே மலையில், அதே காலத்தில், தமிழ் யாப்பின் மிகக் கடினமான வித்தைகளைக் கைக்கொண்ட ஒரு முஸ்லிம் புலவர் இருந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். ஹட்டனிலிருந்து தெல்தோட்டைக்கு ஒரு பகல் பயணம்தான். ஆனாலும் அவர் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஆசிரிய கலாசாலையில்தான். அதற்கு முன் எனக்குப் படிப்பித்த எவரும் சொல்லவில்லை.

அச்சு வந்தபோது

ஓலையிலிருந்து தாளுக்கு மாறியபோது சித்திரக்கவிக்குப் புதிய சங்கடம் வந்தது. அச்சுக்கோப்பவரின் ஈய எழுத்துக்கள் நேர்கோட்டில் நிற்பதற்காகவே வார்க்கப்பட்டவை. வரியாக அடுக்கி, இறுக்கிக் கட்டித்தான் அச்சிடமுடியும். பாம்பின் உடல்போல அவற்றை வளைக்கமுடியாது. ஆகவே நாகபந்தத்தை அச்சிட விரும்பியவர் மரக்கட்டையிலோ உலோகத் தகட்டிலோ படத்தை எழுத்தோடு சேர்த்துச் செதுக்குவிக்க வேண்டியிருந்தது. கட்டையில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றிச் செதுக்கவேண்டும். ‘ழ’வையும் ‘ணை’யையும் இடம்வலம் மாற்றி, வளைந்த உடல்மேல், கடுகளவு எழுத்தாகச் செதுக்குவதை எண்ணிப் பாருங்கள். அதற்குத் தனிக் கூலி. ஆளும் எளிதில் கிடைக்காது.

பணம் இருந்தவர்கள் செதுக்குவித்தார்கள். இல்லாதவர்கள் பாட்டை மட்டும் நாலு வரியாக அச்சிட்டு, தலைப்பில் ‘நாகபந்தம்’ என்று போட்டுவிட்டார்கள். அப்படிப்பட்ட பதிப்புகளைப் பழைய நூலகங்களில் பார்த்திருக்கிறேன். பாம்பில்லாத நாகபந்தம்! படிப்பவருக்கு வலிந்து சேர்த்த சொற்களும், இறுகிய பொருளும்தான் தெரியும். ஏன் இப்படிக் கஷ்டப்பட்டுப் பாடியிருக்கிறார் என்று தோன்றும். கஷ்டத்திற்கான காரணம் படத்தில் இருந்தது. படம் போனபோது காரணமும் போய்விட்டது.

பிற்காலத் திறனாய்வாளர் பலர் சித்திரக்கவியைச் சொல் விளையாட்டு, வெற்று வித்தை என்று ஒதுக்கியதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. உயிரில்லாத சித்திரக்கவிகள் ஏராளம். ஆனால் உருவத்தைக் கழற்றிவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது, இசையை நிறுத்திவிட்டுப் பாட்டுக்காரரை மதிப்பிடுவது போன்றது. பரிதிமாற் கலைஞர் போன்ற புதுமை விரும்பிகூட ‘சித்திரக்கவி விளக்கம்’ என்று ஒரு நூல் எழுதியது, இந்த மரபு விளக்கமில்லாமல் மறைந்துவிடும் என்ற கவலையால்தான் இருக்கவேண்டும்.

வாவ் எழுத்துத் துடுப்புகள்

சிறுவயதில் எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட படமொன்று தொங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாமே அரபு எழுத்து. யாரோ ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர் கொடுத்தது என்று வாப்பா சொல்வார். அது உஸ்மானியத் துருக்கியரின் புகழ்பெற்ற எழுத்தோவிய வகைகளில் ஒன்று என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். மத்ரஸாவில் நாம் எல்லோரும் மனனம் செய்த ஈமான் முஃபஸ்ஸல்தான் அந்தக் கப்பல். அல்லாஹ்வை நம்பினேன், மலக்குகளையும், வேதங்களையும், தூதர்களையும் என்று தொடரும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘வ’ என்ற இணைப்புச் சொல் வருகிறதல்லவா? அந்த வாவ் எழுத்துக்களின் வால்களை நீட்டி ஓவியர் துடுப்புகளாக்கியிருந்தார். தமிழில் ‘உம்’ செய்கிற வேலையை அரபியில் ‘வாவ்’ செய்கிறது. ஒன்றோடு ஒன்றை இணைக்கும் எழுத்தே கப்பலைச் செலுத்துகிறது. ஈமானின் பகுதிகள் இணைந்தால்தான் கப்பல் நகரும் என்ற பொருளை அங்கே எந்தச் சொல்லும் சொல்லவில்லை. வடிவம்தான் சொல்கிறது.

உருவம் வரைவதில் பேணுதல் கொண்ட ஒரு சமூகம், எழுத்தையே உருவமாக்கிக்கொண்டது. இதன் உச்சம் ஹில்யா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவுருவத்தை வரைவதில்லை. அதற்குப் பதிலாக, அவர்களது தோற்றத்தைப் பற்றி அலீ (ரலி) அவர்கள் வழியாக வந்த வருணனையை ஒரு வட்டத்தில் எழுதி, சுற்றிலும் நான்கு கலீபாக்களின் பெயர்களை வைத்து அமைப்பார்கள். இந்த அமைப்பை நிலைநிறுத்தியவர் இஸ்தான்பூலின் ஹாபிஸ் உஸ்மான் (1642–1698) என்பர். அந்த மரபில் வேலை இரண்டு பேருக்குப் பகிரப்பட்டது. எழுத்தை எழுதுபவர் ஒருவர். எழுத்தைச் சுற்றிப் பொன்னும் நீலமும் கொண்டு அணிசெய்பவர் இன்னொருவர். எழுதியவர் கீழே தம் பெயரை இடுவார். தங்கப்பூச்சு வேலை செய்தவர் பெரும்பாலும் பெயர் இடுவதில்லை.

ஆக, பெயர் தெரியாமற் போனது தமிழ்ப் பாம்பை வரைந்தவர் மட்டுமல்லர்.

1918

அருள்வாக்கிப் புலவர் மறைந்த அதே 1918ஆம் ஆண்டில் பாரிஸில் ஒரு கவிதை நூல் வெளிவந்தது. கியோம் அப்போலினேர் எழுதிய ‘கலிகிராம்’. மழை பற்றிய கவிதையின் வரிகள் தாளில் மழைத்தாரையாகச் சாய்ந்து விழும். இதய வடிவிலும் நீரூற்று வடிவிலும் கவிதைகள் உண்டு. அவர் முதலில் இந்த வகைக் கவிதைகளை ‘நானும் ஓர் ஓவியன்தான்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1914இல் வெளியிட எண்ணியிருந்தார். போர் வந்து அது நடக்கவில்லை. 1918 நவம்பரில் அவரும் காலமானார். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிராத இரண்டு புலவர்கள். ஒருவரோடு தமிழில் ஒரு பழைய மரபு முடிவதாகவும், மற்றவரோடு ஐரோப்பாவில் ஒரு புதிய மரபு தொடங்குவதாகவும் வரலாறு எழுதப்படுகிறது. அங்கே அதற்குப் பெயர் நவீனம். இங்கே அதற்குப் பெயர் பழமைவாதம்.

1950களில் அந்தப் புதிய மரபு ஓர் இயக்கமாகியது. சுவிட்சர்லாந்தின் ஒய்கன் கொம்ரிங்கர் 1953இல் சில சொற்களை மட்டும் வெற்றுத்தாளில் விண்மீன் கூட்டம்போல நிறுத்திய கவிதைகளை வெளியிட்டார். அவர் ஓவியரும் வடிவமைப்பாளருமான மக்ஸ் பில் என்பவரிடம் செயலாளராக வேலைபார்த்தவர். பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் 1952இல் ‘நொய்காந்திரஸ்’ என்ற குழுவைத் தொடங்கிய மூன்று இளங்கவிஞர்கள், 1956 டிசம்பரில் அந்நகரின் நவீனக் கலைக்கூடத்தில் ஓவியர், சிற்பிகளோடு சேர்ந்து கண்காட்சி நடத்தினார்கள். ஓவியத்துக்குப் பக்கத்தில் அதே சுவரில் கவிதையும் தொங்கியது. கவிதை ஓவியத்துக்கு விளக்கமல்ல. ஓவியம் கவிதைக்கு அலங்காரமல்ல. இரண்டும் சமம் என்று சுவரே சொன்னது.

ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரையும் இங்கே குறிப்பிடவேண்டும். நம் மலைகளில் தேயிலை நட்டவர்கள் அந்த நாட்டவர்களாக இருந்ததால் அந்த ஊர்ப் பெயர்கள் நமக்குப் பழக்கமானவை. ஹட்டன் என்ற பெயரே அபர்டீன்ஷயர் பகுதிக் கிராமமொன்றிலிருந்து வந்ததுதான். இயன் ஹமில்டன் ஃபின்லே (1925–2006) என்ற கவிஞர் 1966 முதல் அந்நாட்டின் பென்ட்லன்ட் குன்றுகளில் ஒரு தோட்டம் அமைத்தார். தேயிலைத் தோட்டமல்ல, கவிதைத் தோட்டம். கல்லிலும் மரத்திலும் கவிதையைப் பொறித்து மரங்களுக்கும் நீர்நிலைகளுக்கும் இடையில் வைத்தார். அவர் தாமாகக் கல் செதுக்கியவரல்லர். கல்தச்சர், எழுத்து வடிவமைப்பாளர், ஓவியர் எனப் பலரோடு சேர்ந்தே வேலை செய்தார். தம்முடன் இணைந்து ஆக்கியவரின் பெயரை ஆக்கத்தோடு சேர்த்தே வெளியிடும் வழக்கம் அவரிடம் இருந்தது. கவிதை அதனால் குறைந்துவிடவில்லை.

தமிழ்நாட்டிலும் அறுபதுகளின் பின்பகுதியிலிருந்து சிறுபத்திரிகைகளில் ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் கவிஞர்களுக்குத் தோழராக நின்றார்கள். ஓவியரின் பெயரும் மதிக்கப்பட்டது. ஆனால் அங்கே பெரும்பாலும் கோடு ஒரு பக்கம், கவிதை ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போடவில்லை. கட்டிப்போட்டது நம் பழைய பந்தம்தான். அங்கேதான் பெயரும் விடுபட்டது.

என் கணக்கு

மற்றவர்கள் கணக்கைப் பார்த்தவன் என் கணக்கையும் சொல்லவேண்டும்.

ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் நாங்கள் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்தினோம். ஸ்டென்சில் தாளில் எழுதி றோணியோவில் ஓட்டுவோம். நான் அப்போது புதிதாகப் படித்திருந்த தண்டியலங்காரத்தின் மயக்கத்தில், தோட்டத்துப் பாதையைப் பற்றிக் கோமூத்திரி ஒன்று எழுதினேன். சித்திரம் விசேட பாடமாகப் பயின்ற நண்பர் ஒருவர் அதை வரைய முன்வந்தார். பசுவின் தடத்தை வரையாமல், மலையேறும் பாதையின் கொண்டையூசி வளைவுகளாக வரைந்தார். ஸ்டென்சில் தாளில் இரும்புமுனையால் மெழுகைக் கீறிக் கீறி வரைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஓலையில் எழுத்தாணி பிடித்தவர் எப்படி மூச்சை அடக்கிக்கொண்டு வேலைசெய்திருப்பார் என்பது அன்றுதான் விளங்கியது.

பாதி வரைந்தபின் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இந்த வளைவில் ரெண்டு எழுத்து நிற்குதே. மேல மலையில வர்ற ‘லை’. கீழ வளையில வர்ற ‘ளை’. ஒரு வளைவில எதை எழுத?” என்றார்.

நான் அதைப் பத்துமுறை வாய்விட்டுப் படித்திருந்தேன். காது பிடிக்கவில்லை. நம் பேச்சில் ‘ல’வும் ‘ள’வும் ஒன்றோடொன்று கலந்துதானே கிடக்கின்றன. ஆனால் வளைவில் ஓர் எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. அவர் அந்த இடத்தை வரைந்ததால்தான் என் பிழை தெரிந்தது. வளைக்குப் பதிலாக என்ன சொல் போடலாம் என்று இருவரும் இரவு முழுதும் பேசினோம். கடைசியில் பொருந்திய சொல்லைச் சொன்னவர் அவர்தான். நானல்ல.

றோணியோ சஞ்சிகையில் இருவர் பெயரும் இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு விழா மலருக்கு அதே கவிதையைக் கேட்டார்கள். மலரை அச்சிட்ட இடத்தில் படத்துக்குச் செலவு அதிகம் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வரியும் இரண்டு வரியாக, என் பெயரோடு மட்டும் வந்தது. தலைப்பின் கீழே ‘கோமூத்திரி’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள். பலர் பாராட்டினார்கள். ‘கஷ்டமான யாப்பு’ என்றார்கள். நான் நன்றி சொன்னேன். என் நண்பரின் பெயரை எவரிடமும் சொல்லவில்லை. அவரும் மலரை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

பாம்பில்லாத நாகபந்தத்தை அச்சிட்டவர்களைப் பற்றி மேலே எழுதினேன். அவர்கள் செய்ததையும் நான் செய்ததையும் வேறுபடுத்திக் காட்ட என்னால் முடியவில்லை. அவர்களுக்குக் கட்டை செதுக்கப் பணம் இல்லை. எனக்கு வாய் திறக்கச் செலவு ஒன்றும் இருக்கவில்லை.

சென்ற வருடம் எங்கள் மாணவனின் தேயிலைச் செடிக்கு ‘ஒரு பெயர்தான்’ என்று பதில் வந்தபோது எனக்கு வந்த கோபம் முழுவதும் அந்தப் பதிலின்மேல் வந்த கோபமல்ல என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊவாப் பக்கம் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்த வளைவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு” என்றார். மலரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

அருள்வாக்கிப் புலவரின் காலத்து நூல்களும், அவருக்குப் பின் வந்த முஸ்லிம் புலவர்களின் சிறு பிரசுரங்களும் இன்னும் பல வீடுகளில், மேல்தட்டுப் பெட்டிகளில், கறையான் தின்றதுபோக மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் சக்கரமோ பாம்போ தேரோ வரைந்த பக்கம் கண்ணில் பட்டால் பாட்டை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். படத்தையும் முழுமையாகப் படம்பிடியுங்கள். ஓரங்களைப் பாருங்கள். செதுக்கியவரின் முதலெழுத்து ஒரு மூலையில் சிறிதாக இருக்கக்கூடும். அச்சகத்தின் பெயரும் ஊரும் ஆண்டும் முகப்பில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், இதை வரைந்தது யார் என்று கேளுங்கள். புலவரின் பெயரை எப்படியும் சொல்வார்கள். மற்றவரின் பெயரைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

பழைய சித்திரக்கவி நூல்களை மறுபதிப்புச் செய்ய முன்வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று கணினியில் எழுத்தை எந்த வளைவிலும் நிறுத்தலாம். கட்டைக் கூலி என்ற காரணம் ஒழிந்துவிட்டது. இனிமேலும் படமில்லாமல் பதிப்பித்தால் அது நமது அசட்டை மட்டுமே. மறுபடி வரைந்து தருபவரின் பெயரை முகப்பில் போடுங்கள்.

எங்கள் வகுப்பறைச் சுவரில் அந்தத் தேயிலைச் செடி இன்றும் தொங்குகிறது. மழைச் சாரலில் ஒரு மூலை ஊறிவிட்டது. கீழே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எழுதியவள், வரைந்தவன் என்று நான் பிரித்து எழுதப் போனேன். அந்தப் பிள்ளைதான் தடுத்தாள். “விடுதலை அவன் சொன்ன சொல்லு, சேர். நடுவில அடிமரத்த வைக்கச் சொன்னதும் அவன்தான்” என்றாள். ஆகவே எவர் எழுதியது, எவர் வரைந்தது என்று குறிக்காமல் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம்.